விளையாட்டுப் பெட்டி பாடுவது எப்படி?

1985-ஆம் ஆண்டு ஜப்பானில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற வீடியோ விளையாட்டு வெளிவந்தது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் 'ஃபாமிகாம்' என்ற கருவிக்காக நின்டெண்டோ நிறுவனம் அதைத் தயாரித்திருந்தது. மீசைக்காரர் ஒருவர் ஓடியும் தாவியும் நாணயம் சேர்க்கும்போது பின்னணியில் துள்ளலான ஒரு மெட்டு ஒலிக்கும். அதை அமைத்தவர் கோஜி கோண்டோ. 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கத் தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இந்த மெட்டைச் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசை ஒன்று அப்பட்டியலில் இடம் பெற்றது அதுவே முதல் முறை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த விளையாட்டு அடங்கிய பெட்டிக்குள் (நம் ஊரில் 'கேசட்' என்று சொல்வோமே, அதற்குள்) ஒலிப்பதிவு என்று எதுவுமே கிடையாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இசைக் குறுந்தட்டில் ஒரு வினாடி இசையைப் பதிய 1,76,400 பைட்டுகள் தேவை. மாரியோ விளையாட்டின் கேசட்டில் இருப்பதோ மொத்தமே 40 கிலோபைட். படங்கள், விதிகள், மேடைகள், இசை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. அந்த இடம் முழுவதையும் இசைக்கே ஒதுக்கினாலும் குறுந்தட்டு முறையில் கால் வினாடி கூடப் பாடாது. அப்படியானால் இசை எங்கிருந்து வருகிறது?

கேசட்டில் இருப்பவை கட்டளைகள் மட்டுமே. "இந்தக் குரலில் இந்தச் சுருதியை இவ்வளவு நேரம் எழுப்பு" என்பன போன்ற கட்டளைகள். அவற்றைக் கேட்டு ஒலியை உண்டாக்குவது கருவிக்குள் இருக்கும் 2ஏ03 என்ற சிலிக்கான் சில்லு. கேசட் சுரக்குறிப்பு என்றால் சில்லுதான் வாத்தியமும் வித்வானும். வாத்தியம் அழிந்துவிட்டால் குறிப்பு மட்டும் கையில் மிஞ்சும். பழைய விளையாட்டு இசையைக் காப்பாற்றும் முயற்சியில் இயற்பியலுக்கு வேலை வருவது இதனால்தான்.

ஐந்து குரல்கள்

2ஏ03 சில்லில் ஐந்து குரல்கள் உண்டு. முதல் இரண்டும் துடிப்பு அலைக் குரல்கள். மின்னழுத்தம் சட்டென்று மேலே ஏறும், சிறிது நேரம் அங்கேயே நிற்கும், சட்டென்று கீழே இறங்கும். ஒரு சுற்றில் எத்தனை பங்கு நேரம் அது மேலே நிற்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் தேர்ந்தெடுக்கலாம். எட்டில் ஒரு பங்கு, கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று நான்கு வாய்ப்புகள் உண்டு.

இந்தப் பங்கு மாறினால் சுருதி மாறாது. ஒலியின் பண்பு மாறும். ஒரு முனை மூடிய ஆர்கன் குழாயைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கு மேற்சுரங்கள் மட்டுமே எழும். இரட்டைப்படை மடங்குகள் எழா. அரைப் பங்கு மேலே நிற்கும் சதுர அலையிலும் இதே நிலைதான். ஆகவே அது சற்று உள்ளீடற்ற, குழாய் ஊதுவது போன்ற ஒலியைத் தரும். கால் பங்கு அலையில் 4, 8, 12-ஆம் மடங்குகள் மட்டும் விடுபட்டு மற்றவை எல்லாம் இருக்கும், ஒலி செறிவாகும். எட்டில் ஒரு பங்கு அலை மூக்கால் பாடுவது போல் கூராக ஒலிக்கும். முக்கால் பங்கு? கால் பங்கு அலையைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது அதுவே. தனியாக ஒலிக்கும்போது தலைகீழ் என்பது நம் செவிக்குத் தெரியாது. ஆகவே நான்கு வாய்ப்புகள் என்று சொன்னாலும் காதுக்குக் கிடைப்பவை மூன்றுதான்.

சுருதி பிறக்கும் விதம் இன்னும் சுவையானது. கருவியின் கடிகாரம் வினாடிக்கு 17,89,773 முறை துடிக்கிறது. அந்த எண்ணை 16-ஆல் வகுத்து, மீண்டும் இசையமைப்பாளர் கொடுக்கும் ஒரு முழு எண்ணால் வகுத்தால் வருவதே அதிர்வெண். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 254 என்ற எண்ணைக் கொடுக்கலாம், 440.4 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மிக நன்று. ஆனால் மூன்று ஸ்தாயி மேலே போய் 3,520 ஹெர்ட்ஸ் கேட்டுப் பாருங்கள். 32-ஆல் வகுத்தால் 3,496. 31-ஆல் வகுத்தால் 3,608. இடையில் எண்ணே இல்லை! நெருக்கமான 3,496-ஐ எடுத்தாலும் அரைச் சுரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைகிறது. மேல் ஸ்தாயியில் இந்தக் கருவி சற்றுச் சுருதி விலகியே பாடும். அது பழுதன்று, முழு எண் வகுத்தலின் விளைவு.

மூன்றாவது குரல் முக்கோண அலை. உண்மையில் அது வழுவழுப்பான முக்கோணமன்று. 16 படிகள் ஏறி 16 படிகள் இறங்கும் மாடிப்படி. அந்தப் படிகளால் ஒரு மெல்லிய ரீங்காரம் கூடவே வரும். இந்தக் குரலுக்கு ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒலிக்கும் அல்லது நிற்கும். பெரும்பாலும் கீழ்ஸ்தாயிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். நான்காவது இரைச்சல் குரல். 15 இடங்கள் கொண்ட ஒரு பதிவகத்தில் 0, 1 என்ற இலக்கங்கள் ஓரிடம் ஓரிடமாக நகர்ந்துகொண்டே இருக்கும். குறிப்பிட்ட இரண்டு இடங்களில் உள்ள இலக்கங்கள் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 மறுமுனையில் நுழையும். இந்த எளிய விதியால் 32,767 படிகள் கடந்த பின்னரே அதே வரிசை திரும்ப வரும். செவிக்கு அது முழுக்க ஒழுங்கற்ற இரைச்சலாகவே படும். துண்டு துண்டாக வெட்டினால் தாளக் கருவி! ஐந்தாவது குரல் உண்மையான ஒலித்துண்டுகளைச் சிறிதளவு, கரகரப்புடன் ஒலிக்கவல்லது. 1988-இல் வந்த மூன்றாவது மாரியோ விளையாட்டின் மேள ஒலிகள் இதன் வழியே வந்தவை.

மாரியோ தாவும்போது எழும் ஒலிக்கும் இந்த ஐந்தில்தான் இடம் தேட வேண்டும். அப்போது ஒரு துடிப்புக் குரல் தன் சுரத்தை விட்டுவிட்டுத் தாவல் ஒலியை எழுப்பி, பிறகு மெட்டுக்குத் திரும்பும். ஆடுபவர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஐந்து போதாது என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். ஃபாமிகாம் கருவியின் ஒலி, கேசட் வழியாகச் சென்று திரும்பும்படி கம்பிகள் அமைக்கப்பட்டிருந்தன. எனவே கேசட்டுக்குள்ளேயே கூடுதல் ஒலிச்சில்லு வைக்க முடிந்தது. கொனாமி நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'அக்குமாஜோ டென்செட்சு' விளையாட்டில் இப்படி மூன்று குரல்களைச் சேர்த்தது. அமெரிக்காவில் விற்ற கருவியில் அந்த வழி இல்லை. ஆகவே அதே விளையாட்டு 'கேசில்வேனியா 3' என்ற பெயரில் 1990-இல் அங்கே சென்றபோது, இசையை ஐந்து குரலுக்குள் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பக்கவாத்தியத்தில் பாதியை மேடையிலிருந்து இறக்கிவிட்டது போல் இருக்கும்.

பாவனை நிரல்

ஃபாமிகாம் தயாரிப்பு 2003-இல் நின்றது. 2007-இல் பழுதுபார்க்கும் சேவையையும் நின்டெண்டோ நிறுத்திக்கொண்டது. புதிய 2ஏ03 இனி வரப்போவதில்லை. இருப்பவையும் ஒவ்வொன்றாகப் பழுதாகும். இந்நிலையில் கைகொடுப்பது எமுலேட்டர் எனப்படும் நிரல். பழைய கருவி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இன்றைய கணிப்பொறியை நடந்துகொள்ளச் செய்வது அதன் வேலை. 'பாவனை நிரல்' என்று தமிழில் சொல்லலாம்.

கேட்பதற்கு எளிது. சதுர அலைதானே, மேலே கீழே என்று இரண்டே மதிப்புகளை எழுதிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அங்கேதான் இடறும்.

இன்றைய கணிப்பொறி ஒலியைத் தொடர்ச்சியாக வெளியிடுவதில்லை. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் புள்ளி புள்ளியாக வெளியிடுகிறது. இதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களைத்தான் அது சரியாகக் காட்ட முடியும். அதற்கு மேற்பட்டவை காணாமல் போனால் கூடப் பரவாயில்லை; அவை வேறு அதிர்வெண்ணாக வேடமிட்டுத் திரும்பி வருகின்றன. பழைய திரைப்படங்களில் தேர்ச்சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வினாடிக்கு 24 படங்கள் மட்டுமே எடுப்பதால் வரும் மாயம் அது. ஒலியிலும் அதேதான் நடக்கிறது.

3,000 ஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்துக்கொள்வோம். அதன் 15-ஆம் மேற்சுரம் 45,000 ஹெர்ட்ஸ். மனிதச் செவிக்கு எட்டாதது. ஆனால் 44,100 மாதிரிகளுக்குள் அகப்பட்டதும் 45,000 - 44,100 = 900 ஹெர்ட்ஸாகக் கேட்கிறது. அடிப்படைச் சுரத்துக்கும் கீழே, அதனுடன் எந்த இயைபும் இல்லாத ஓர் அன்னிய ஒலி! தொடக்க காலப் பாவனை நிரல்கள் பலவற்றில் மேல் ஸ்தாயிச் சுரங்களோடு இத்தகைய கீச்சொலிகளும் கலந்து வந்தன. அசல் கருவியில் இவை இல்லை. அதன் அலை, மாதிரிகளாக வெட்டப்படாமல் மின்னோட்டமாகவே ஒலிபெருக்கிக்குச் சென்றது.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் மாதிரி வீதத்தை 44,100 என்று வைத்து, 3,000 ஹெர்ட்ஸ் சதுர அலையை உண்டாக்குங்கள். அதிலேயே இந்த வேட ஒலிகள் நீக்கப்பட்ட சதுர அலைக்கும் தனித் தேர்வு உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நிறமாலையையும் வரைந்து பாருங்கள். 900 ஹெர்ட்ஸில் ஒரு சிறு முள் எழுந்து நிற்கும். நல்ல பாவனை நிரல், சில்லின் அலையை அதன் முழு வேகத்திலேயே கணக்கிட்டு, 22,050-க்கு மேற்பட்ட பகுதியை வடிகட்டிய பிறகே மாதிரி எடுக்கும்.

குறையும் சேர்ந்ததே இசை

அலையை இப்படிச் சீர்செய்வதோடு வேலை முடியவில்லை. 1982-இல் அமெரிக்காவில் வந்த 'கமடோர் 64' கணிப்பொறியைப் பாருங்கள். அதில் பாப் யான்னஸ் வடிவமைத்த 6581 என்ற ஒலிச்சில்லு இருந்தது. மூன்று குரல்கள், மொத்த ஒலியளவுக்கு 16 படிகள். இந்தச் சில்லில் ஒரு குறை இருந்தது. எந்தக் குரலும் பாடாதபோதும் உள்ளே ஒரு நிலையான மின்னழுத்தம் தங்கி நிற்கும். அதனால் ஒலியளவை மாற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நிரலாளர்கள் அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஒலியளவை வினாடிக்குப் பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கினால், அந்த 'டக்'குகளே சேர்ந்து ஓர் அலையாகும் அல்லவா? அப்படி, சில்லில் இல்லாத நான்காவது குரலில் மேளமும் மனிதக் குரலும் எழுந்தன.

பின்னர் 8580 என்ற திருத்திய சில்லு வந்தது. குறையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். விளைவு? அந்த மேளமும் குரலும் ஏறக்குறைய கேட்காமலே போயின. சில உரிமையாளர்கள் சில்லின் ஒரு முனையில் மின்தடை ஒன்றை இணைத்து, நீக்கிய குறையைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார்கள்! ஆகவே 6581-ஐப் பாவிக்கும் நிரல், வடிவமைப்பாளர் விரும்பியபடி நடந்தால் போதாது. சில்லு உண்மையில் எப்படி நடந்ததோ அப்படி நடக்க வேண்டும். இதை அறியக் கையேடு உதவாது. அளந்து பார்க்க வேண்டும். சில ஆர்வலர்கள் பழைய சில்லுகளின் மேலுறையை நீக்கி, நுண்ணோக்கியின் கீழ்ப் படமெடுத்து, டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தடம் பற்றினார்கள். 2ஏ03-இன் மூளையாகிய 6502 செயலி இப்படி ஆராயப்பட்டது. அதில் உள்ளவை சுமார் 3,500 டிரான்சிஸ்டர்களே.

கமடோர் நிறுவனம் 1994-இல் திவாலாயிற்று. ஆனால் அந்த இசை பிழைத்துக்கொண்டது. 1996 முதல் ஆர்வலர்கள் திரட்டி வரும் தொகுப்பில் 50,000-க்கும் மேற்பட்ட மெட்டுகள் உள்ளன. அவையும் ஒலிப்பதிவுகள் அல்ல; சில கிலோபைட் அளவுள்ள நிரல்கள். பாவனை நிரல் இல்லாவிட்டால் அவை வெறும் எண் வரிசை.

எல்லாவற்றுக்கும் இந்த நல்வாய்ப்பு இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கிட்டது. நூலகங்கள் ஆய்வாளர்களுக்கு அவற்றைத் தொலைவிலிருந்து பயன்படுத்தத் தர அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024-இல் மறுத்துவிட்டது. விற்காத பொருளைக் காட்டவும் கூடாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி, எது அசல் ஒலி என்ற கேள்வி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி வினாடிக்கு 60 முறை திரையை எழுதும். ஐரோப்பாவில் 50 முறை. இசைக் கட்டளைகள் திரைக்கு ஒரு முறை என்ற கணக்கில் செல்வதால், மாற்றம் செய்யாத விளையாட்டு ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. கருவியின் கடிகாரமும் 16,62,607 துடிப்புகளாகக் குறைந்ததால் சுருதி அரைச் சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கியது. அங்கே வளர்ந்தவருக்கு அதுவே பழகிய மெட்டு.

நம் கதை வேறு. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த 'வீடியோ கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்கள். இத்தகைய நகல் சில்லுகள் சிலவற்றில் துடிப்பு அலையின் கால் பங்கும் அரைப் பங்கும் இடம் மாறியிருந்தன. சுரம் அதேதான், தாளமும் அதேதான். குழாய் போல் ஒலிக்க வேண்டிய இடத்தில் செறிவான ஒலி, செறிவாக ஒலிக்க வேண்டிய இடத்தில் குழாய். அத்தகைய பெட்டியில் ஆடி வளர்ந்த ஒருவர் இன்று துல்லியமான பாவனை நிரலில் அதே விளையாட்டைத் திறந்தால், "இது அந்தப் பாட்டு இல்லையே" என்று சொல்லக்கூடும். அவர் நினைவு பிசகவில்லை. இன்றைய பாவனை நிரல்கள் சிலவற்றின் அமைப்புப் பட்டியலில், கால் பங்கையும் அரைப் பங்கையும் இடம் மாற்றிக்கொள்ள ஒரு தனிப் பொத்தான் உண்டு.