விண்வெளியில் ஆயுதம் கூடுமா?

மறைமலை நகரில் புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம் சாமான்களை இறக்கியதும் கைபேசியில் கிப்லா பார்க்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோ ஓட்டுபவரும் கைபேசியில்தான் வழி பார்க்கிறார். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வருகிறது. இவை அனைத்துக்கும் செயற்கைக்கோள்கள் வேண்டும். அவை சுற்றும் வெளியைப் போர்க்களமாக்கலாமா என்பதே இன்று நாடுகளுக்கிடையே நடக்கும் விவாதம்.

இதில் நம் நாடும் ஒரு தரப்பு. 2019 ஜனவரி 24 இரவு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மார்ச் 27 அன்று ஒடிசா கடற்கரையை அடுத்த ஒரு தீவிலிருந்து பாய்ந்த ஏவுகணை, சுமார் 300 கி.மீ. உயரத்தில் அதைத் தகர்த்தது. 'மிஷன் சக்தி' என்ற இச்சோதனையால் அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இந்த ஆற்றலைக் காட்டிய நான்காவது நாடானோம். ஏவுகணை கிளம்பிய தீவு, இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களின் பெயரைத் தாங்கியது.

இதற்குச் சட்டத்தில் தடை இல்லையா? 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதங்களையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்கிறது. மற்ற ஆயுதங்களைப் பற்றியோ, தரையிலிருந்து ஏவும் ஏவுகணையைப் பற்றியோ அதில் தடை இல்லை. அந்த இடைவெளியில்தான் வல்லரசுகள் நடமாடுகின்றன.

ஆதரிப்போர் வாதம் எளிது: 2007ல் சீனா தன் செயற்கைக்கோளை உடைத்துக் காட்டியது; நம்மிடமும் அந்தப் பலம் இருந்தால்தான் எதிரி தயங்குவான். இந்த அச்சத்தை நாம் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் சிதறும் துண்டுகளுக்கு நண்பன், எதிரி என்ற பேதம் தெரியாது. சீனச் சோதனையில் 800 கி.மீ.க்கு மேல் சிதறிய 3,000க்கும் அதிகமான துண்டுகளில் பல இன்னும் சுற்றுகின்றன. 2021 நவம்பரில் ரஷ்யா நடத்திய சோதனையின்போது, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்த எழுவரும் தங்கள் விண்கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. குப்பை சீக்கிரம் விழட்டும் என்றே இந்தியா தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தது. அப்படியும் சில துண்டுகள் ஓராண்டுக்கு மேல் சுற்றின.

கிப்லா காட்ட உதவும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் இக்குப்பை அவற்றைத் தொடாது. ஆனால் பயிரையும் வெள்ளத்தையும் படமெடுப்பவை தாழ்ந்த பாதையில்தான் சுற்றுகின்றன. மேலே போகும் ராக்கெட்டும் அதைக் கடந்தே போக வேண்டும்.

2022 டிசம்பரில், இத்தகைய அழிவுச் சோதனைகளை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் 155 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 9 நாடுகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு. கட்டுப்படுத்தும் சட்டமே தேவை, வெறும் வாக்குறுதி போதாது என்பது இந்தியாவின் நிலை.

அது நியாயமான கோரிக்கைதான். அப்படியானால் அந்தச் சட்டத்தைக் கொண்டுவர முன்னால் நிற்க வேண்டியதும் நம் நாடே. பலத்தை ஒருமுறை காட்டியாயிற்று. இனி, மறுபடி செய்யமாட்டோம் என்று முதலில் சொல்வதில் நமக்கு இழப்பில்லை. வானம் எவருக்கும் சொந்தமான சொத்தல்ல. நம் பிள்ளைகளுக்காக நம்மிடம் இருக்கும் அமானிதம்.