கோடையில் விரால் மீன் பிடிப்பு

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் ஏரி, குட்டைகள் வற்றி, ஆழமான பள்ளங்களில் மட்டுமே நீர் தேங்கி நிற்கும். அப்பகுதியிலுள்ள விரால் மீன்கள் இப்பள்ளங்களில் வந்து ஒடுங்குகின்றன. இந்நீரை அடியோடு இறைத்து மீனை வாரி எடுத்துவிட்டால், அடுத்த மழைக்குப் பின் குஞ்சு பொரிக்கத் தாய் மீன்கள் இரா. தூண்டிலில் பிடித்தால் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வைக்கலாம்.

விராலின் இயல்பு

விராலுக்குச் செவுள்களுடன், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. ஆகவே அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். கோடையில் நீரில் பிராணவாயு குறைந்து கெண்டை மீன்கள் இறக்கும்போதும் விரால் பிழைத்துக்கொள்வது இதனால்தான். நீர்மட்டத்தில் எழும் வளையங்களைக் கவனித்தால் மீன் இருக்குமிடம் தெரியும். உச்சி வெயிலில் கோரை, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் நிழலில் ஒதுங்கும். அதிகாலையும் அந்திப்பொழுதும் தூண்டில் போட ஏற்றவை.

இரை

தவளையை இரையாகக் கோப்பது வழக்கம். ஆனால், தவளை பயிரைத் தாக்கும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. அதற்குப் பதில் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சைக் கோக்கலாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், குட்டைகளில் அளவுக்கு மீறிப் பெருகி மற்ற மீன்களின் தீனியைப் பறிக்கிறது. குஞ்சின் முதுகில் முள்ளை மேலாகக் கோத்தால் அது உயிரோடு நீந்தும். தக்கையைக் கட்டி, செடிகளின் ஓரமாக விடவேண்டும். விரால் கவ்வியதும் உடனே சுண்டாமல், இரையை நன்கு வாங்கியபின் சுண்டவேண்டும். நரம்பு கனமானதாக இருப்பது அவசியம். இல்லையேல் மீன் செடிக்குள் புகுந்து அறுத்துவிடும்.

அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனை, வாலை ஆட்டி நீந்தும் சிறு மீன் போன்ற செயற்கை இரையால் பிடிக்கின்றனர். விராலும் அசையும் இரையைத் துரத்திக் கவ்வுவதால் இம்முறை அதற்கும் பொருந்தும். இரையை வீசி மெதுவாக இழுக்கவேண்டும். மீன் கவ்வியதும் தாமதமின்றிச் சுண்டவேண்டும். செயற்கை இரை என உணர்ந்தால் உமிழ்ந்துவிடும்.

குஞ்சுள்ள மீனை விடுக

விரால் பெரும்பாலும் மழைக்காலத்தில் இனவிருத்தி செய்கிறது. கோடை மழையால் புதுநீர் வந்தாலும் முட்டையிடக்கூடும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும். தாயும் தந்தையும் கீழிருந்து காவல் காக்கும். கூட்டத்தின் அருகே எந்த இரை விழுந்தாலும் சீறிப் பாயும் என்பதால் இவற்றைப் பிடிப்பது எளிது. ஆனால், பெற்ற மீன் போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கான குஞ்சுகளை இழப்பது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

விற்பனை

உயிருள்ள விராலுக்கே நல்ல விலை கிடைக்கும். அகன்ற பாத்திரத்தில் சிறிதளவு நீர் விட்டு, ஈரச் சாக்கால் மூடி, நிழலில் வைத்துக் கொண்டுசெல்லலாம். மீன் மேலே வந்து சுவாசிக்க இடம் விடவேண்டும்.

குத்தகை ஏரிகளில் முன் அனுமதி பெறவேண்டும். நஞ்சிட்டோ வெடி வைத்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றமாகும்.