'அவுட்கோ' தெரியுமா? உங்க பணம் வெளியே போற வழி!



இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை: 'அவுட்கோ'. பேச்சுல யாரும் சொல்றதில்லை. ஆனா பிசினஸ் பேப்பரைத் திறந்தா 'டாக்ஸ் அவுட்கோ', 'இன்ட்ரஸ்ட் அவுட்கோ'ன்னு கண்ணுல படும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 134-லயும் இருக்கு. அந்நியச் செலாவணியில வரவு எவ்வளவு, 'அவுட்கோ' எவ்வளவுன்னு இயக்குநர் அறிக்கையில கம்பெனிகள் சொல்லணும்.

அர்த்தம் சிம்பிள். கையை விட்டு வெளியே போகும் பணம். தமிழ்ல இதுக்கு அச்சு அசலான சொல் இருக்கு: 'போகாறு'. வள்ளுவர் 478-வது குறள்ல பயன்படுத்தியிருக்கார். வரவு வர்ற வழி சின்னதா இருந்தாலும் பரவாயில்லை, போற வழி பெருசாகக் கூடாதுங்கறார்.

பாலக்கோடு தக்காளி விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். நாத்து, மருந்து, குச்சி, கயிறு, பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் முன்னாடியே போயிடும். விலை மார்க்கெட் கையில. அவர் கையில இருக்கிறது போகாறு மட்டும்தான். அதனாலதான் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள்ள கட்டுறது முக்கியம். தமிழ்நாட்டுல சரியா கட்டினா அதுக்கு வட்டி கிடையாது. தவறினா வட்டி சேரும்.

இப்போ வீட்டுக் கடனுக்கு வருவோம். 10 லட்சம், 9% வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 8,997 ரூபாய். முதல் மாசம் அதுல 7,500 வட்டிக்கே போகுது. அசல்ல குறையறது 1,497 தான்! மொத்த வட்டி அவுட்கோ சுமார் 11.59 லட்சம், அதாவது வாங்கின கடனை விட அதிகம்.

அதே கடனுக்கு முதல் மாசத்துல இருந்தே 10,000 கட்டினா? பதினஞ்சரை வருஷத்துல முடிஞ்சிடும். வட்டி சுமார் 8.55 லட்சம். மாசம் ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கட்டினதுல 3 லட்சம் மிச்சம்.

இன்னொரு பொறி, மார்ச் மாசம் வரும். "சார், இந்த பாலிசி போட்டா டாக்ஸ் அவுட்கோ குறையும்"னு சொல்வாங்க. பழைய வரி முறையில 20% ஸ்லாப்ல இருக்கீங்க, 80சி வரம்புல இன்னும் இடமும் இருக்குன்னு வைங்க. 50,000 கட்டினா வரி 10,400 குறையும். உண்மைதான். ஆனா இந்த வருஷம் உங்க கையை விட்டுப் போறது 50,000! அடுத்தடுத்த வருஷமும் பிரீமியம் கட்டணும். புது வரி முறைக்கு மாறிட்டா 80சி கழிவே கிடையாது. பாலிசி தேவைன்னா போடுங்க, வரிக்காக மட்டும் போடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. பாஸ்புக்கை எடுத்து, போன மாசம் போன பணத்தை மூணாப் பிரிங்க: குடும்பச் செலவு, சேமிப்பு, வட்டி. மூணாவது வரிதான் உங்க உண்மையான போகாறு. முதல்ல அதை அடைக்கப் பாருங்க.