படிப்பை நிறுத்தினால் கட்டிய பணம் என்னவாகும்?

பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. அதற்கு முன்பே பல தனியார் பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வை நடத்தி, சீட்டை ஒதுக்கி, பணம் கட்டக் கெடு வைத்துவிடுகின்றன. பொறியியலுக்கான அரசுக் கலந்தாய்வோ ஜூலை, ஆகஸ்டில் நடக்கிறது. மருத்துவக் கலந்தாய்வு அதற்கும் பின்னால் இழுக்கும். எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாத இந்த இடைவெளியில்தான், “எதுக்கும் ஒரு சீட்டைப் போட்டு வைப்போம்” என்று நகையை அடகு வைத்துப் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். பிறகு கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்ததும், கட்டிய பணத்தைக் கேட்டுப் பழைய கல்லூரிக்குப் போகிறார்கள். “ரீஃபண்ட் எல்லாம் கிடையாது. நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி.யை வாங்கிட்டுப் போங்க” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

அந்தப் பதில் விதிக்கு எதிரானது. இது பலருக்குத் தெரியாததால்தான் ஒவ்வோர் ஆண்டும் அதே பதில் தைரியமாகச் சொல்லப்படுகிறது.

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கல்லூரி முறைப்படி அறிவித்த சேர்க்கையின் கடைசித் தேதிதான் அதில் அளவுகோல். அந்தத் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னதாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் 100 சதவீதம் திரும்ப வரவேண்டும். அலுவலகச் செலவுக்கென்று 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு லட்சம் கட்டிய குடும்பத்துக்கு இதை ரூபாயில் சொன்னால் 1,95,000, 1,80,000, 1,60,000, ஒரு லட்சம், பிறகு பூஜ்யம். காஷன் டெபாசிட் இந்தக் கணக்கில் சேராது; அது முழுதாகத் திரும்ப வேண்டும். விண்ணப்பம் கொடுத்த 15 நாளுக்குள் பணம் கைக்கு வரவேண்டும் என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது.

நுழைவுத் தேர்வுகளும் கலந்தாய்வும் தள்ளிப்போகும் ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாகவும் இருந்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்று உத்தரவிட்டது. பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யும் தனியாக விதி வைத்திருக்கிறது: விலகிய மாணவரிடம் அடுத்த ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கக்கூடாது. ஆக, ‘நாலு வருஷ ஃபீஸ்’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இதில் கல்லூரிகள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. சேர்க்கை முடிந்தபின் ஒருவர் விலகினால் அந்த இடம் நான்கு ஆண்டுகளும் காலியாகவே கிடக்கும். 2003-ல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடைபோட்டுப் பார்த்தது. ஒரு செமஸ்டர் அல்லது ஓர் ஆண்டுக் கட்டணத்தை மட்டுமே வாங்கவேண்டும். மாணவர் இடையில் போய்விடுவார் என்று நிறுவனம் அஞ்சினால் மீதிக் கட்டணத்துக்குப் பிணைப்பத்திரமோ வங்கி உத்தரவாதமோ கேட்கலாம். முன்கூட்டியே வாங்கிய பணத்தைத் தேசியமயமான வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு வைக்கவேண்டும் என்றது. கல்லூரி நிர்வாகங்கள் இந்தத் தீர்ப்பில் பிணைப்பத்திரத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. ஓர் ஆண்டுக்கு மேல் வாங்காதே என்ற வரியை மறந்துவிட்டன.

பணத்தைவிடப் பெரிய பிடி ஒரிஜினல் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேரும்போதே வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டால் மாணவர் எங்கேயும் போக முடியாது. 2018 அறிவிப்பு இதையும் தடுக்கிறது. ஒரிஜினலை மாணவர் முன்னிலையிலேயே சரிபார்த்து உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுயசான்றிட்ட நகல்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் மார்க் ஷீட்டை ஈடாக வைத்துக்கொண்டு பேரம் பேசுவது கல்வி நிறுவனம் செய்யும் காரியமே அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குப் போகிறவருக்கான பாதுகாப்பு. என் மனத்தை உறுத்துவது மற்றவர் நிலை. நவம்பரில் அப்பா இறந்துபோய் வேலைக்குப் போகவேண்டி வந்த பையன். இரண்டாம் செமஸ்டரில் நோயில் விழுந்த பெண். மன உளைச்சலில் விடுதியை விட்டு வீடு திரும்பிவிட்டவர். இவர்கள் சீட்டு மாறுகிறவர்கள் இல்லை. படிப்பையே விட நேர்ந்தவர்கள். கடைசித் தேதி கடந்து 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். ஆண்டு முழுமைக்கும் கட்டியிருந்தாலும், உட்காராத வகுப்புக்கும் தங்காத அறைக்கும் சேர்த்து, அட்டவணை இவர்களுக்குப் பூஜ்யம் என்கிறது.

கல்விக்கடன் வாங்கியிருந்தால் சுமை இரட்டிப்பு. வங்கி பணத்தை நேராகக் கல்லூரிக்கு அனுப்பிவிடும். மாணவர் கையில் ஒரு ரூபாய்கூடத் தங்காது, கடன் மட்டும் அவர் பெயரில் நிற்கும். படிப்பு நின்றாலும் வட்டி நிற்காது. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-லிருந்து இருக்கிறது. ஆனால் படிப்பை இடையில் விட்டவருக்கு அந்த மானியம் கிடையாது. மருத்துவக் காரணம் என்று உரிய ஆவணங்களோடு நிரூபித்தால் மட்டும் விலக்கு உண்டு. அப்பாவின் மரணமோ, குடும்பத்தின் வறுமையோ மருத்துவக் காரணம் ஆகாது. பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும், ஆண்டின் இடையே படிப்பை நிறுத்தினால் மாநில அரசு விரும்பினால் தொகையைத் திரும்பக் கேட்கலாம் என்ற விதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. உதவி யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ, அவர் தடுக்கி விழும் நாளில்தான் அது விலகிக்கொள்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டணக் கடன் வாங்கிப் படிப்பவர் முதல் பருவத்தில் விலகினால் அந்த ஆண்டுக் கட்டணத்தில் கால் பங்குக்குத்தான் கடன் ஏறும். இரண்டாம் பருவத்தில் பாதி. மூன்றாம் பருவத்தில்தான் முழுத் தொகை. அமெரிக்காவில் மத்திய அரசின் கல்வி உதவியை நாள் கணக்கில் பிரிக்கிறார்கள். பருவத்தில் 30 சதவீத நாள் படித்திருந்தால் உதவியில் 30 சதவீதம் மாணவருக்கு உரியது. 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுதும் அவருக்கே. உரியதாகாத பகுதியில் தன் பங்கைக் கல்லூரி 45 நாளுக்குள் திருப்பிவிட வேண்டும். அங்கேயும் குறை உண்டு: அப்படித் திருப்பிய பணத்துக்குக் கல்லூரி மாணவரிடமே பில் போடலாம்; அதனால் கடனாளி ஆனவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் படித்த காலத்துக்கும் பணத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நம் அட்டவணையில் 31-ஆம் நாளோடு அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பயிற்சி மையங்கள் நீங்கலாகக் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. இதற்கிடையே கையில் இருக்கும் வழி, யுஜிசியின் 2023 ஒழுங்குமுறை. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

பெற்றோர் ஒரு காரியத்தை மறக்கக்கூடாது. வாய்மொழியாக “வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டோம்” என்பது கணக்கில் ஏறாது. கணக்கு தொடங்குவது எழுதிக் கொடுத்த தேதியிலிருந்துதான். முடிவெடுத்த அன்றே கடிதம் எழுதுங்கள், அலுவலக முத்திரையோடு நகல் வாங்குங்கள். தர மறுத்தால் விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கல்விக்கடன் இருந்தால் வங்கிக்கும் அன்றே ஒரு கடிதம் போகட்டும். திரும்பி வரும் தொகை கடன் கணக்கிலேயே வரவாக வேண்டும்.

யுஜிசி செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. மரணம், நோய், வறுமை ஆகிய காரணங்களால் இடையில் நிற்கும் மாணவரிடம் படித்த செமஸ்டருக்கு மட்டுமே கட்டணம் வாங்கவேண்டும், மீதியைத் திருப்பவேண்டும் என்று விதியை மாற்றவேண்டும். வட்டி மானியத்தைப் பறிக்கும் ஷரத்தை மத்திய அரசும் தளர்த்தவேண்டும். முதல் மாற்றத்துக்கு நாடாளுமன்றம்கூடக் கூடவேண்டியதில்லை. 2018-ல் வெளியிட்டதைப் போல இன்னோர் அறிவிப்பு போதும்.