முறுக்குக்கும் உண்டு செய்கூலி

நகைக்கடை பில்லில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரிகள் இருக்கும். வாங்குகிறவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார். தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் செய்து, பெட்டி போட்டு விற்கும் பெண்களின் கணக்கு நோட்டில் அந்த இரண்டு வரிகளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அரிசி, உளுந்து, நெய், எண்ணெய் எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருக்கும். ராத்திரி பதினொரு மணி வரை அடுப்படியில் நின்ற கால்களுக்குத்தான் அங்கே இடமிருக்காது.

புரட்டாசி முடியும்போதே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் முறுக்கும் லட்டும் வரத் தொடங்கிவிடுகின்றன. அரைக் கிலோ பெட்டி, ஒரு கிலோ பெட்டி, இரண்டு இனிப்பு மூன்று காரம் என்று ஆளாளுக்கு ஒரு சேர்மானம். விலை வைப்பதில் மட்டும் பலரும் கைக்கொள்வது ஒரே சூத்திரம்: சரக்குச் செலவைப்போல இரண்டு மடங்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. முறுக்கு அச்சைக் கையில் எடுத்தால் சாயம் வெளுத்துவிடும்.

ஒரு ஈடு முறுக்கைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இங்கே வருபவை கணக்கின் வழியைக் காட்ட மட்டுமே. பச்சரிசி 1 கிலோ 60 ரூபாய், மில்லில் அரைக்க 15, உளுந்து 200 கிராம் 30, வெண்ணெய் 100 கிராம் 60, எள், சீரகம், பெருங்காயம், உப்புக்கு 15. இதோடு முறுக்கு குடிக்கும் எண்ணெய். வெந்து வரும் முறுக்கின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான். ஏறக்குறைய 400 கிராம், 70 ரூபாய். ஆக 250 ரூபாய் சரக்குக்கு ஒன்றரைக் கிலோ முறுக்கு கிடைக்கும்.

இதில் விட்டுப்போனவை என்ன? கேஸ் 25 ரூபாய். கடாயின் அடியில் கறுத்து மிஞ்சும் எண்ணெய் 20 ரூபாய். அதை அடுத்த ஈட்டுக்கும், அதற்கடுத்த ஈட்டுக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, நுரை கட்டி, காறல் வாடை வந்தால் கீழே இறக்கிவிட வேண்டியதுதான்.

அடுத்தது உழைப்பு. ஊறவைத்துக் காயவைத்து, சலித்து, பிசைந்து, பிழிந்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து ஜல்லிக்கரண்டியில் அள்ளி, கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பது வரை குறைந்தது மூன்று மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தாலும் 240. மொத்தம் 535 ரூபாய். உடைந்தது, சிவந்துபோனது, "எங்கே, பதம் எப்படி?" என்று வீட்டார் வாயில் போனது என்று பத்தில் ஒரு பங்கு கழிந்தால் விற்க மிஞ்சுவது 1.35 கிலோ. அடக்க விலை கிலோவுக்கு 396 ரூபாய்.

இரண்டு மடங்கு சூத்திரப்படி அதே முறுக்கின் விலை 333 ரூபாய். விற்றுக் கைச்செலவைக் கழித்தால் மிஞ்சுவது 155. மூன்று மணி நேரம் நின்றதற்கு மணிக்கு ஐம்பது சொச்சம்.

மைசூர் பாக்கில் கதை தலைகீழ். கடலை மாவு 250 கிராம், சர்க்கரை அரைக் கிலோ, நெய் 400 கிராம். நெய்க்கே 280 ரூபாய் போக, சரக்கு 335. பதம் தெரிந்த கைக்கு ஒரு மணி நேர வேலை. கேஸும் கூலியும் சேர்த்து, தட்டின் ஓரத்தில் உதிர்வதைக் கழித்தால் அடக்க விலை கிலோவுக்கு 405 ரூபாய்தான். சூத்திரமோ 609 என்கிறது. நெய்யின் விலை இரட்டிப்பாகி லாபத்தைக் காட்டுகிறது. கையின் வேலை எங்கேயும் இரட்டிப்பாவதில்லை. 'காரம் மலிவு, ஸ்வீட் விலை' என்று எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும் எண்ணத்துக்கு அடக்க விலையில் ஆதாரமே இல்லை.

உழைப்புக்கு விலை வைப்பது நம் ஊருக்குத் தெரியாத வித்தையும் அல்ல. கல்யாணச் சீர் பட்சணத்தில் கைமுறுக்கை ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று எண்ணித்தான் விலை சொல்வார்கள். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கி முறுக்கி வளைக்கிற வேலை அது. சுற்று கூடினால் விரல்வலியும் கூடும், விலையும் கூடும். அச்சில் பிழியும் தேன்குழலுக்கு வந்ததும் அந்த நியாயம் மறந்துபோகிறது.

பெட்டி அடுக்குவதும் தனிக் கலை. அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே அறையில் போட்டால் அதிரசத்தின் ஈரத்தை முறுக்கு வாங்கிக்கொள்ளும்; மறுநாளே நமத்துவிடும். தீபாவளியோடு வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்வதால் காற்றே ஈரமாகத்தான் இருக்கும். காரத்தை நன்றாக ஆறவிட்டு, தனி உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெடும். முறுக்கும் ரிப்பன் பக்கோடாவும் இரண்டு வாரம் தாங்கும் என்பதால் அவற்றை முதலில் செய்துகொள்ளலாம். பால்கோவா மூன்று நான்கு நாள் சரக்கு. அதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் கடைசி நாளில் கிளற வேண்டும். எத்தனை கிராம் என்பதோடு எத்தனை உருப்படி என்பதையும் யோசிப்பது நல்லது. நான்கு பேர் வீட்டுக்குப் போகும் பெட்டியில் மூன்று லட்டு இருந்தால் தீபாவளி சண்டையில்தான் தொடங்கும்.

ஒரு கிலோ பெட்டிக்கு விலை போட்டுப் பார்க்கலாம்: மைசூர் பாக், ரவா லாடு, அதிரசம், முறுக்கு, ரிப்பன் பக்கோடா ஒவ்வொன்றும் 200 கிராம். பலகாரத்தின் அடக்க விலை சுமார் 400 ரூபாய். அட்டைப்பெட்டி, உறை, ஸ்டிக்கர் 40. அதன்மேல் 20 சதவீத லாபம் வைத்தால் 528. பெட்டி 530 ரூபாய். கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு தனி. 1 கிலோ என்று போட்டால் உள்ளே பலகாரமே 1 கிலோ இருக்க வேண்டும். பெட்டியின் எடையைச் சேர்க்கக்கூடாது.

இனி காகித வேலை. வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். 2011-இல் வந்த விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தயாரிப்பாளருக்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். உறையில் பதிவு எண், சேர்மானம், நிகர எடை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பதால் சேர்மான வரியைச் சோம்பல்படாமல் எழுதுவது அவசியம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு போன் வரும். "தெரிஞ்சவங்கதானேக்கா, பாத்துப் போட்டுக் குடுங்க." இதற்குச் சில பெண்கள் கண்டுபிடித்திருக்கும் பதில் சாமர்த்தியமானது: விலையைக் குறைக்காமல் உடைந்த முறுக்கில் ஒரு பொட்டலம் இனாமாக வைத்துவிடுகிறார்கள். சேதாரமும் போகிறது, உறவும் நிற்கிறது.

ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிரசம் வேண்டுமென்றால் பத்து நாளுக்கு முன்பே சொல்லி, பாதிப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். பாகில் கிளறிய மாவு இரண்டு மூன்று நாளாவது ஊறிப் பதப்பட வேண்டும்; முந்தின நாள் சொன்னால் எந்தக் கைப்பக்குவத்தாலும் அது முடியாது.