ஓடும் நாய்க்கு ஓடும் குட்டிதான் பிறக்குமா?

காரமடைப் பக்கம் சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்ப்பவர் இணை சேர்க்கும்போது, கடுவன் பந்தயத்தில் எப்படி ஓடியது என்றுதான் முதலில் பார்ப்பார். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்ற நம்பிக்கை. ஆகலாம். விப்பெட் என்ற பந்தய நாயைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வே சாட்சி. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டேட்டின் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் நாய் வேகமாக ஓடுகிறது. இரண்டும் பழுதானால் தசை புடைத்துப் பந்தயத்துக்கு ஆகாமல் போகிறது. ஒற்றைப் பழுதுள்ள இரண்டு வேகக்காரர்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் இரண்டு குட்டிதான் பெற்றோரைப் போல. ஒன்று சாதாரணம், ஒன்று புடைத்த உடம்பு. நம் நாய்களிலும் இதே பழுது உண்டு என்று சொல்லவில்லை. கோப்பை நாயின் உடலுக்குக் கிடைத்தது. குட்டிக்குப் போவது மரபணுவில் பாதி மட்டுமே, அதுவும் குலுக்கிப் போட்ட பாதி. ஆகவே பெற்றோரை மட்டும் பார்ப்பதைவிட, அவற்றின் கூடப்பிறந்தவையும் முந்தைய ஈற்றுக் குட்டிகளும் எப்படியிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

உறவுக்குள் சேர்த்தால்தானே குணம் நிலைக்கும் என்பார்கள். நிலைக்கும், மறைந்திருக்கும் குறையும் கூடவே நிலைக்கும். ராஜபாளையம் நாயின் வெள்ளை நிறத்தையே தேடித்தேடிப் பெருக்கியதில் செவிட்டுக் குட்டிகளும் வந்தன. நிறமிச் செல்கள் உட்காதுக்கும் தேவை. இரு காதும் கேளாத குட்டியைக் கைதட்டியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு காது மட்டும் கேளாதது அதில் தப்பிவிடும். அதற்குக் காதிலிருந்து மூளைக்குப் போகும் மின்குறிகளை அளக்கும் சோதனைதான் வேண்டும்.