காரைக்கால் ஹாஸ்டலுக்கு என்ன எடுத்துட்டு வரணும்? என்ன வேண்டாம்?

கவுன்சிலிங் முடிஞ்சாச்சு, சீட் காரைக்கால்ல. அடுத்து எல்லார் வீட்டுலயும் ஒரே கேள்விதான்: "ஹாஸ்டலுக்கு என்னென்ன வாங்கணும்?" யூடியூப்ல தேடினா ஐம்பது ஐட்டத்தோட லிஸ்ட் வரும். ஆனா அந்த லிஸ்ட் போட்டவங்க கடலோரத்துல தங்கிப் படிச்சிருக்க மாட்டாங்க. அதை அப்படியே ஃபாலோ பண்ணினா ஆகஸ்ட்ல புதுசா வாங்கின பல பொருள் டிசம்பருக்குள்ள பூஞ்சையோ துருவோ பிடிச்சுடும். முதல் செமஸ்டர் ஃபீஸுக்கே கடன் வாங்கின வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதனால ஜூனியர்ஸ், கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை அப்பா அம்மாவோட சேர்ந்து ஒருதடவை படிச்சிடுங்க.

முதல்ல ஊர் எங்க இருக்கு?

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1954 நவம்பர் 1 வரைக்கும் ஃபிரெஞ்சு நிர்வாகம். ஆனா புதுச்சேரி நகரத்துல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல தெற்கே தள்ளி இருக்கு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மத்த பக்கமெல்லாம் தமிழ்நாட்டோட நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள். "என்.ஐ.டி. புதுச்சேரி"ங்கிற பேரைப் பார்த்து புதுச்சேரிக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. கேம்பஸ் காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில, கிழக்குக் கடற்கரைச் சாலையில இருக்கு. சென்னையில இருந்தும் எர்ணாகுளத்துல இருந்தும் காரைக்காலுக்கே நேரா ரயில் உண்டு.

உப்புக் காத்து என்ன பண்ணும்?

கடல் அலை உடையும்போது சின்னச் சின்ன உப்புத் துளிகள் காத்துல கலந்து ஊருக்குள்ள வந்து எல்லாத்து மேலயும் படியும். காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதா உப்பு தண்ணியை இழுத்துத் தானே கரைஞ்சிடும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது இன்னும் குறைஞ்ச ஈரத்துலயே தண்ணியை இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புத்தண்ணிப் படலம்தான் எலக்ட்ரோலைட். கெமிஸ்ட்ரில படிச்ச கரோஷன் அத்தனையும் உங்க பூட்டு, ஹேங்கர், டிரங்க் பெட்டி, சார்ஜர் பின் மேல நடக்கும்.

பூஞ்சை கதையும் இதேதான். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலயே நிக்குற இடத்துல, காத்தோட்டம் இல்லாத அலமாரிக்குள்ள லெதர் பெல்ட், ஷூ, மடிச்சு வெச்ச சட்டை எல்லாத்துலயும் வரும்.

இதுக்கு நம்ம வீடுகள்ல போடுறது நாப்தலின் உருண்டை. அது பூச்சியை விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. ஈரத்தை உறிஞ்சுறது சிலிகா ஜெல், அதுவும் 100 கிராமுக்கு 30 கிராம் தண்ணி அளவுக்குத்தான். அதனால திறந்து திறந்து மூடுற அலமாரியில போட்டு பிரயோஜனம் இல்ல. காத்துப் புகாத டப்பாவுக்குள்ள போட்டாதான் வேலை செய்யும்.

லக்கேஜை ரெண்டாப் பிரிங்க

ஆகஸ்ட், செப்டம்பர்ல இங்க புழுக்கமும் வெயிலும்தான் அதிகம். வருஷத்து மழையில பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வடகிழக்குப் பருவமழையாக் கொட்டும். நடுவுல ஆயுத பூஜை லீவு வருது. அதனால ரெண்டு தவணையா எடுத்துட்டு வாங்க.

முதல் தவணை, சேரும்போது:
- மெல்லிசான காட்டன் சட்டை, பேன்ட் ஒரு வாரத்துக்கு. ஜீன்ஸ் ஒண்ணு ரெண்டு போதும், காய ரொம்ப நேரம் எடுக்கும்.
- துண்டுக்குப் பதிலா ஈரிழைத் துண்டு. டர்க்கி டவல் மழைக்காலத்துல காயவே காயாது.
- போர்வை, பெட்ஷீட் ரெண்டு, கொசுவலை. டெல்டா ஊர், கொசுவுக்குக் குறைவில்ல.
- பித்தளைப் பூட்டு, பிளாஸ்டிக் ஹேங்கர், நைலான் கொடிக்கயிறு.
- மூடி நல்லா இறுகுற ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல். கால்குலேட்டர், பென் டிரைவ், இயர்போன் எல்லாம் இதுல.

ரெண்டாவது தவணை, ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வரும்போது: குடை, ரெயின்கோட், பையை மூடுற கவர், ரப்பர் செருப்பு, டார்ச், பவர் பேங்க், கூடுதலா உள்ளாடை. டார்ச்சை விட்டுடாதீங்க. 2008 நவம்பர்ல நிஷா புயல் காரைக்கால் பக்கத்துலதான் கரையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தப்போ டெல்டாவுல பல ஊர்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல.

வாங்காதீங்க

- இரும்பு டிரங்க் பெட்டி. பெயின்ட் உரிஞ்ச இடத்துல இருந்து துரு ஆரம்பிக்கும். சூட்கேஸ் ஒண்ணு போதும்.
- பக்கெட், மக், விளக்குமாறு. காரைக்கால் டவுன்லயே கிடைக்கும், சுமந்துட்டு வரவேண்டாம்.
- டிராஃப்டர், டிராயிங் போர்டு. முதல் வருஷம் முடிச்ச சீனியர்ஸ்கிட்ட கேளுங்க, பாதி விலைக்கோ சும்மாவோ கிடைக்கும்.
- வாட்டர் ஹீட்டர் ராடு, கெட்டில். பல ஹாஸ்டல்ல தடை. காரணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க: ரூம்ல இருக்கிற சாதா சாக்கெட் 6 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்ல 1380 வாட்தான். ராடும் பெரிய கெட்டிலும் 1500 வாட். உப்பு படிஞ்ச பின்ல கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸும் கூடும், அந்த இடம் சூடாகி பிளக் உருகும்.

சர்டிபிகேட் ஃபைல்

துணி போனா வேற வாங்கிக்கலாம். டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் நனைஞ்சா திரும்ப வாங்க வீட்டுல யாராவது வேலையை விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும். அதனால:
- கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க. மார்க் ஷீட் டிஜிலாக்கர்ல இருக்கான்னும் பாருங்க.
- ஒரிஜினலை லேமினேட் பண்ணாதீங்க. பின்னாடி அதுல சீல், கையெழுத்து எதுவும் வாங்க முடியாது.
- காலேஜ் வாங்கி வெச்சுக்கிற ஒரிஜினலுக்கு ரசீது கேட்டு வாங்குங்க. மத்த ஒரிஜினலை அட்மிஷன் முடிஞ்சதும் அப்பா அம்மாகிட்டயே குடுத்து அனுப்பிடுங்க. ஹாஸ்டல்ல ஜெராக்ஸ் போதும்.
- பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நடுவுல பேப்பர் வைங்க.

கடைசியா ஒண்ணு. சேர்ற அன்னைக்குப் பக்கத்து ரூம்ல மூணு சூட்கேஸும் டேபிள் ஃபேனும் இறங்கும். நம்ம ஒரு பையோட நிக்கிறோமேன்னு உங்களுக்கும் கூட வந்தவங்களுக்கும் ஒருமாதிரி இருக்கலாம். நவம்பர் மழையில ஹாஸ்டலே அயர்ன் பாக்ஸையும் கொடிக்கயிறையும் பங்கு போட்டுக்கும், யாரு எத்தனை பையோட வந்தாங்கன்னு அப்போ யாருக்கும் ஞாபகம் இருக்காது. கையில கொஞ்சம் பணத்தை மிச்சம் வைங்க. முதல் மாசத்துக்கு அப்புறம் என்ன தேவைன்னு உங்களுக்கே தெரியும், அப்போ வாங்கிக்கலாம்.